ஜெர்மன் வேனில் அம்மா

நுவரெலியாவில் நான் அறைகள் சுத்தம் செய்யும் ஹோட்டலின் வாசலில், வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றேன். பழைய ஜெர்மன் கேம்பர் வேன் ஒன்று படபடவென்று வந்து நின்றது. ஹோட்டல் பையன்கள் படம் எடுக்க ஓடினார்கள். பின்பக்க எஞ்சினின் சூடும் பெட்ரோல் வாசனையும் என் மேல் அடித்தன. ஏழு வயதிலேயே எனக்குத் தெரிந்த வாசனை.

அப்போது பொகவந்தலாவையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், இருந்தோம். இன்னும் நாள் இருக்கிறதென்று கொழுந்து பறிக்கப் போன அம்மாவுக்கு மலையிலேயே பிரசவ வலி வந்துவிட்டது. தோட்டத்து லொறி வெளியே போயிருந்தது. முந்தின பிள்ளை அந்த லொறியில் குலுங்கிக் குலுங்கிப் போகும் வழியிலேயே இறந்து பிறந்திருந்தது. அப்பா ரோட்டுக்கு ஓடி, எதிரே வந்த இதே மாதிரி வேன் ஒன்றை இரண்டு கைகளையும் விரித்து மறித்தார். உள்ளே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. மலையிலிருந்து கைத்தாங்கலாக இறங்கி வந்த அம்மாவைப் பார்த்ததும் அந்தப் பெண் எதுவும் கேட்காமல் மெத்தையை விரித்தாள்.

நானும் ஏறி அம்மாவின் காலடியில் உட்கார்ந்தேன். மெத்தைக்கு அடியில் எஞ்சின் கதகதப்பாக ஓடியது. வலி விட்ட நேரத்தில் அம்மா கண்ணயர்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் அப்பா தட்டி எழுப்பினார்.

"எறங்கு புள்ள, ஆஸ்பத்திரி வந்துருச்சு."

"இன்னுங் கொஞ்ச தூரம் போகச் சொல்லுங்களேன். இப்புடி ஒடம்ப சாச்சு எத்தன வருஷமாச்சு."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று மாலை தம்பி உயிரோடு பிறந்தான்.

அன்றைய அம்மாவைவிட இன்று எனக்கு வயது அதிகம். கொட்டகலை பஸ் வந்தது. உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.