அது பால் பல் இல்லை

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. தேர்வாய் கண்டிகையில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் ஹெச்.ஆர். பிரிவில் வேலை பார்க்கிறேன். அன்று வருகைப் பதிவில் ஏதோ கோளாறு. கம்ப்யூட்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டீ நேரம் பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்தில் பேக்கிங் பிரிவிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தார். தலையில் மாட்டிய தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் வருபவர், பதினோரு வருட சர்வீஸ். சம்பளம் ஏறி, அரசின் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்கான வரம்பைத் தாண்டிவிட்டதால், கம்பெனி எடுத்திருக்கும் குரூப் இன்சூரன்ஸுக்கு அந்த வருடம்தான் மாறியிருந்தார்.

கையில் இன்சூரன்ஸ் கார்டும் ஒரு துண்டுச்சீட்டும். மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பல் முகாம் நடத்தியிருக்கிறார்கள். 'கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை, சீக்கிரம் அடைக்கவும்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

"சார், இந்தக் கார்டுல இத்த பாப்பாங்களா?" என்று கேட்டார்.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பல்லுக்கெல்லாம் இன்சூரன்ஸ் கிடையாதும்மா. ஆஸ்பத்திரில படுத்தாதான் தருவான்" என்றேன்.

அதோடு வாயை மூடியிருந்தால், அவர் கும்மிடிப்பூண்டி அரசு ஆஸ்பத்திரிக்காவது போயிருப்பார். நான் மூடவில்லை. "ஏழு வயசுதானே? பால் பல்லு. தானா விழுந்து முளைக்கும், விடுங்க" என்றும் சேர்த்துச் சொன்னேன். யாரும் என்னிடம் கேட்காத யோசனை அது. ஆனால் அதைக் கேட்டதும் அவர் குரல் தெளிந்துவிட்டது. "அப்போ சரி சார்" என்று லைனுக்கு ஓடினார்.

பாலிசி புத்தகம் அப்போது என் மேஜை டிராயரில்தான் இருந்தது. அது கம்பெனிக்கு வந்து சேர்ந்து நான்கு மாதம் ஆகியும் மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை நான் பிரிக்கவில்லை.

ஐப்பசி மழையில் அவர் மூன்று நாள் தொடர்ந்து வேலைக்கு வரவில்லை. நான்காம் நாள் போன் வந்தது. மகளுக்குத் தாடை வீங்கி, வீக்கம் கழுத்துக்கு இறங்கியிருக்கிறது, வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில்கூட விழுங்க முடியாமல் காய்ச்சலில் கிடக்கிறாள், சென்னை போகும் சாலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார். இன்சூரன்ஸுக்குக் கம்பெனி கடிதம் வேண்டும். நானே எடுத்துக்கொண்டு போனேன். ஏதோ பெரிய உதவி செய்யப் போவதுபோலத்தான் போனேன்.

குழந்தையைக் கட்டிலில் பார்த்தேன். ஒரு பக்க முகம் அவளுடையது, மறுபக்கம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. வீக்கம் மூச்சுக்குழாயை அழுத்தும் முன் சீழை எடுத்தாக வேண்டும், பல்லையும் பிடுங்கியாக வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

"பால் பல்தானே டாக்டர்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. "யார் சொன்னா? இது ஆறு வயசுல பின்னாடி முளைக்கிற பல்லு. இதுக்கு முன்னாடி அங்க பல்லே கிடையாது. போனா போனதுதான், இனிமே முளைக்காது."

நான் அந்தக் குழந்தையின் அம்மாவைப் பார்க்கவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு கீழே இன்சூரன்ஸ் கவுண்ட்டருக்கு நடந்தேன். அவரும் பின்னாலேயே வந்தார். கவுண்ட்டரில் இருந்த இளம்பெண் கார்டு எண்ணைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தார். அட்மிஷனுக்கு அனுமதி கிடைத்துவிடும் என்றார். பிறகு சாதாரணமாக, "உங்க பாலிசில பசங்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ பல் செக்கப், சொத்த அடைக்கிறது எல்லாம் இருக்கே சார். யூஸே பண்ணாம விட்டுட்டீங்க?" என்று கேட்டார்.

"இவங்க இன்னா சார் சொல்றாங்க?" என்றார் அம்மா.

"இருந்திருக்கும்மா. எனக்குத் தெரியல."

அதுவரை என்னிடம் 'நீங்க' என்றுதான் பேசியவர் அவர்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். கெடையாதுன்னு சொன்ன நீ. பால் பல்லுன்னு வேற சொன்ன. நீ இன்னா டாக்டரா? உன் பேச்ச நம்பிக்கினு நான் ஊட்ல கிராம்பு வச்சிக்கினு இருந்தேன். ராவும் பகலும் அழுதா சார் அவ. விழுந்து மொளைக்கும்டி, இன்னாத்துக்கு இப்டி பேஜார் பண்றன்னு ரெண்டு தபா அடிச்சிருக்கேன் நான்."

சத்தம் போடவில்லை. அடித்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு சொன்னார். கவுண்ட்டர் முன் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தேவலை.

ஆபரேஷன் முடிந்து குழந்தை பிழைத்தாள். செலவை இன்சூரன்ஸ் ஏற்றுக்கொண்டது. கத்தி வைப்பதற்குக் கிடைத்த அந்தக் கார்டு, ஒரு சின்னச் சொத்தையை அடைப்பதற்கு அவளுக்குக் கிடைக்காமல் போனது என் வாயால்தான்.

மறுநாள் அந்த பிளாஸ்டிக்கைப் பிரித்தேன். கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் எல்லாம் இருந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் பதறுவார் என்று நினைத்தேன்.

"தெரியும்ப்பா" என்றார் நிதானமாக. "எல்லாருக்கும் சொன்னா எல்லாரும் கிளெய்ம் பண்ணுவான். அடுத்த வருஷம் பிரீமியம் ஏறும். கேட்டா குடுப்போம், கேக்காதவன்கிட்ட நாமளா போய் எதுக்குச் சொல்லணும்?"

"அவங்க கேட்டாங்க சார்."

"அப்போ நீ படிச்சிருக்கணும்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த மனிதரை ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் துடித்தது. ஆனால் அவர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

அன்று மாலையே அந்தப் பக்கத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, கேன்டீனில் கை கழுவும் இடத்தில் ஒட்டினேன். காலையில் பார்த்தால் சுவரில் பசை மட்டும் இருந்தது. யார் கிழித்தார்கள் என்று விசாரிக்கப் போகவில்லை. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் கிளம்பும் இடத்தில் நின்று ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க ஆரம்பித்தேன். இரண்டாம் நாளே எனக்கு மெமோ வந்தது, அனுமதியில்லாமல் துண்டுப் பிரசுரம் விநியோகித்ததாக. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். வீட்டில் மனைவி, "ஒழுங்கா இருக்கத் தெரியாதா உனக்கு?" என்றாள். இத்தனை நாள் ஒழுங்காக இருந்ததில்தானே ஒரு குழந்தைக்குப் பல் போனது என்று அவளிடம் கத்தினேன்.

அந்த வாரம் குழந்தையின் அம்மா வேலைக்குத் திரும்பினார். மெமோவுக்குப் பிறகும் நான் பஸ் அருகே நிற்பதை நிறுத்தவில்லை. அவரும் என்னிடமிருந்து தாளை வாங்கி, நின்ற இடத்திலேயே முழுவதும் படித்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"இதுல முக்கியமானது இல்லியே. ஆறு வயசுல பின்னாடி மொளைக்கிறது பால் பல்லு இல்ல, மறுபடி வராதுன்னு எழுது. அத்த தெரியாமதான நானும் உட்டேன்."

பேனாவால் அங்கேயே எழுதினேன். அதன் பிறகு அந்தத் தாளைக் கொடுத்தது நான் மட்டுமல்ல. அவர் லைனில் உள்ள பெண்கள் போனில் படம் பிடித்து அனுப்ப, ஒரே நாளில் தொழிற்சாலை முழுக்கப் போய்விட்டது. அடுத்த திங்கட்கிழமை மேனேஜர் அறை வாசலில் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கூட்டமே நின்றது. கார்டு செல்லுபடியாகும் பல் கிளினிக் பட்டியலில் கும்மிடிப்பூண்டியில் ஒன்றுகூட இல்லை என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. அதற்கும் ஒரு மாதம் சண்டை போட்ட பிறகுதான் அங்கே ஒரு கிளினிக்கைச் சேர்த்தார்கள்.

கடைசியில் மேனேஜரே ஒரு சர்க்குலர் விட்டார். சிரிக்கும் பல் ஒன்றின் படம் போட்டு, 'உங்கள் குழந்தைகளின் புன்னகையே எங்கள் பெருமை' என்று. அதைப் படித்துவிட்டு அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. என் மெமோ இன்னும் ரத்தாகவில்லை.

அதே பேக்கிங் பிரிவில் ஒருவருடைய மகனுக்கு அதே பல்லில் சொத்தை, சரியான நேரத்தில் அடைத்துவிட்டார்கள். இதை அந்த அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். என் குற்றம் கொஞ்சம் கரையும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை. "நல்லா இருக்கட்டும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுபடியும் மரியாதையாகத்தான் பேசுகிறார். ஆனால் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை, அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

கொஞ்சம் ஆறப்போடு, இரண்டு வருடம் ஆகிவிட்டதே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மேனேஜர் மேல் இருக்கும் கோபம் என்றைக்காவது ஆறலாம்; என் மேல் எனக்கு இருக்கும் கோபம் ஆறக்கூடாது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அது ஆறிய மறுநாளே, எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்லும் அந்த மனிதனாக நான் திரும்பவும் ஆகிவிடுவேன்.