பேர் சொல்லிப் பேசும் ரேடியோ

வீரையனை ஒற்றன் என்று சொன்னவர்களில் இரண்டு பேர் இன்னும் நீடாமங்கலம் கடைத்தெருவில் நடமாடுகிறார்கள். அவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் மீரா உசேன். இருபத்தெட்டு வருடம் அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குச் சைக்கிளில் தபால் கொண்டுபோனவன். வீரையன் கதையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அதில் என் வாய்க்கும் ஒரு பங்கு இருக்கிறது.

வீரையன் பண்ணையாள் வீட்டுப் பிள்ளை. பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் பன்னிரண்டு வருடம் இருந்தார். மோர்ஸ் சத்தத்தைக் காதால் வாங்கிக் கையால் எழுதுவார். ஆட்சி மாறிய வருடம் ஊர் திரும்பி, கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்து பிழைத்தார். மனைவி ராசம்மாள் தியாகேசன் பண்ணையில் நடவுக்கும் அறுப்புக்கும் போனாள். வாய்க்கால் கரையில், பண்ணை நிலத்தின் ஓரத்தில் அவர்களுடைய கூரை வீடு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு அதுதான் வீடு. அடிமனை மட்டும் பண்ணையாருடையது.

வீரையனுக்கு ஒரே ஒரு ஆசை. அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தபடியே உலகத்தோடு பேச வேண்டும். பரீட்சை எழுதித் தேறினார். ஊரில் மதிப்புள்ளவர் ஒருவரிடம், விண்ணப்பதாரர் எங்கே எத்தனை வருடமாகக் குடியிருக்கிறார் என்று சான்று வாங்கி டில்லிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஊரில் மதிப்புள்ளவர் என்றால் தியாகேசனைத் தவிர வேறு யார்? அவர் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது நான் தபாலோடு போய் நின்றேன்.

“என்ன பாய், நாம போஸ்டாபீஸ்ல வருஷா வருஷம் கட்டறமே, அந்த ரேடியோ லைசென்ஸ்தானே இது?”

“ரேடியோதாங்க,” என்றேன். அப்போது எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

ஏழை ஒருவன் பாட்டுக் கேட்க ஆசைப்படுகிறான் என்று நினைத்துச் சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார்.

லைசென்ஸ் 1970இல் வந்தது. இரண்டு தென்னைக்கு நடுவே கம்பி ஏறியது. வாய்க்கால் கரையிலிருந்து வீரையன் ஜப்பானோடு பேசினார். அப்போதுதான் எனக்கு வித்தியாசத்தை விளக்கினார். நான் அதை ஊர் முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

வானொலி நிலையம் பேசும், நாம் கேட்க வேண்டும். பதில் பேச வழியில்லை. போலீஸ் வயர்லெஸ் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளும், அதை நாம் கேட்டால் குற்றம். கப்பல் வயர்லெஸ்காரர் சம்பளத்துக்குச் செய்தி அனுப்புகிறவர். அமெச்சூர் இந்த மூன்றிலும் சேராதவர். காலணா வாங்கக் கூடாது. வியாபாரம் பேசக் கூடாது, அரசியல் கூடாது, அடுத்தவர் சேதியைக் கொண்டுபோகக் கூடாது. சங்கேத மொழி கூடாது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஒவ்வொரு தடவையும் அரசாங்கம் கொடுத்த அழைப்புக்குறியைச் சொல்லித்தான் பேச வேண்டும். பேரும் ஊரும் சொல்வது வழக்கம். கேட்கிறவர் அதைத் தன் நோட்டில் தேதி, மணியோடு எழுதிக்கொள்வார். பிறகு அட்டை போட்டு உறுதி செய்வார். லைசென்ஸில் உள்ள விலாசத்தை விட்டு நகர்ந்தால் பெட்டியைத் தொடக் கூடாது.

இத்தனை பகிரங்கமான ஒன்றைத்தான் ரகசியம் என்றார்கள். பேரையும் ஊரையும் சொல்லிவிட்டு எந்த ஒற்றன் வேலை பார்ப்பான்?

72 தையில் அறுப்புக் கூலிக்காக வேலைநிறுத்தம் நடந்தது. அடுத்த ஊருக்குச் சேதி அனுப்பச் சொல்லிச் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். “சட்டத்துல இடமில்லைங்க” என்று வீரையன் மறுத்துவிட்டார். கோபித்துக்கொண்டு போனார்கள். மறுநாளே பண்ணையார் எழுதிக் கொடுத்த புகாரில் சப்-இன்ஸ்பெக்டர் வந்து பெட்டியைத் தூக்கிப் போனார். எதைச் செய்ய மாட்டேன் என்றாரோ, அதைச் செய்தார் என்று வழக்கு. லைசென்ஸைக் காட்டிக் காட்டி, மூன்று மாதம் நடந்து பெட்டியை மீட்டார். திருகாணிகள் பாதியைக் காணோம். மன்னிப்பு என்று ஒரு சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

பண்ணையார் அத்தோடு விடவில்லை. விவசாயத் தொழிலாளி குடியிருக்கிற மனை அந்தத் தொழிலாளிக்கே சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. 1971 ஜூனில் ஒரு தேதியைக் குறித்து, அன்றைக்கு அங்கே குடியிருந்திருக்க வேண்டும் என்றது. ராசம்மாள் மனுப் போட்டாள். விசாரணையில் தியாகேசன் கூசாமல் சொன்னார்:

“அது மாடு கட்டின கொட்டாய்ங்க. போன வருஷக் கடைசியிலதான் வந்து ஒண்டிக்கிட்டாங்க.”

பக்கத்து வீட்டு வேம்புவும் தங்கம்மாளும் சாட்சி சொன்னார்கள். அவர்களும் பண்ணையாட்கள், ஆகவே எடுபடவில்லை. வீரையன் நோட்டை நீட்டினார். அதே தேதியில் ஜப்பான்காரர் ஒருவரோடு பேசிய பதிவும், அவர் போட்ட அட்டையும் இருந்தன.

“இது எந்த டிபார்ட்மென்ட்?” என்றார் அதிகாரி.

“டிபார்ட்மென்ட் இல்லீங்க. அமெச்சூர் ரேடியோ.”

“சம்பளம்?”

“வாங்கக் கூடாதுங்க.”

“அப்ப விளையாட்டு. விளையாட்டு நோட்டையெல்லாம் ஆவணமா எடுத்துக்க முடியாது.”

லைசென்ஸில் விலாசம் இருந்ததே என்றால், அது விண்ணப்பதாரரே எழுதிக் கொடுத்தது என்றார் அதிகாரி. நான் எழுந்து, அந்த வாசலில் நான்தான் தபால் கொடுத்தேன் என்றேன். தபால்காரர் மரத்தடியில்கூடத் தபால் கொடுப்பார் என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ராசம்மாள் எழுந்தாள்.

“ரெண்டு புள்ளைய அந்த வீட்டுலதாங்க பெத்தேன்.”

“அதுக்குக் காகிதம் இருக்கா?”

இருந்தது. வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இல்லாத காகிதம், பண்ணையார் கையெழுத்துப் போட்ட அந்தச் சான்று, டில்லியில் இருந்தது. வீரையன் அன்றே நகல் கேட்டுப் பதிவுத் தபாலில் எழுதிப்போட்டார். ஏழு மாதம் கழித்துச் சான்றிட்ட நகல் வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். அடுத்த விசாரணையில் அதிகாரி அதை வாசித்தார்: ‘மேற்படி வீரையன் குடும்பத்தார் எனது நிலத்தில் வாய்க்கால் கரை வீட்டில் பத்து வருடமாகக் குடியிருந்து வருவதை அறிவேன்.’ கீழே 1968 தேதி, தியாகேசன் கையெழுத்து. பண்ணையார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பட்டா கிடைத்தது. ஆனால் உத்தரவின் வாசகத்தைக் கேளுங்கள். எதிர்மனுதாரரே கைப்பட ஒப்புக்கொண்டிருப்பதால் மனு ஏற்கப்படுகிறதாம். நான்தான் அதை ராசம்மாளுக்கு வாசலில் நின்று வாசித்துக் காட்டினேன்.

“நான் இங்க இருந்ததுக்கு அவரு கையெழுத்துதான் சாட்சியா, பாய்?” என்றாள்.

நான் உத்தரவை மடித்து அவள் கையில் கொடுத்தேன். அவள் உள்ளே இருந்த வீரையன் பக்கம் திரும்பினாள்.

“இந்தாங்க, ஒங்களத்தான். நீங்க சொல்றத அவங்கல்லாம் நோட்டுல எழுதிக்குவாங்கன்னு சொன்னீங்கல்ல? இனிமே ஊரு பேரச் சொல்றப்ப, ராசம்மாள் வீடுன்னு சேத்துச் சொல்லுங்க. எழுதி வெச்சுக்கட்டும்.”

வீரையன் சட்டத்தை ஒரு தடவை மனசுக்குள் புரட்டிப் பார்த்திருப்பார். விலாசம் சொல்லத் தடையில்லை. அன்று மாலையே மோர்ஸில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

இரண்டு மாதம் கழித்து ஜப்பானிலிருந்து அட்டை வந்தது. விலாசத்தில் வீரையன், அடுத்த வரியில் ஆங்கிலத்தில் ராசம்மாள் வீடு. அதை எடுத்துக்கொண்டு நான் நேரே வாய்க்கால் கரைக்குப் போகவில்லை. பண்ணையார் வாசலில் சைக்கிளை நிறுத்தினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“ஜப்பான்லேருந்து தபாலுங்க,” என்றேன். “ராசம்மாள் வீடு எதுங்க?”

பத்து வருடமாக நான் போய்வருகிற வீடு என்று அவருக்குத் தெரியும். அட்டையைப் பார்த்தார். நான் நகரவில்லை. கடைசியில் வலது கையைத் தூக்கி, வாய்க்கால் கரையைக் காட்டினார்.