ஈரம் காயாத கார்

கார் வாங்கியது நல்ல கோடையில். குற்றாலத்தில் அருவியெல்லாம் வெறும் பாறையாகக் கிடந்த சமயம். விற்றவரின் வீடும் அங்கேதான், பழைய குற்றாலம் போகிற வழியில். "வீட்டாளுக மட்டும் ஓட்டுன வண்டிம்மா" என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்தார். புது சீட் கவர், புது மிதியடி, கண்ணாடிக்கு முன்னால் ஒரு எலுமிச்சை வாசனைப் புட்டி. கதவைத் திறந்ததும் ரெக்ஸின் வாடை குப்பென்று வந்தது. எனக்கு அது புதுக் காரின் வாசமாகவே பட்டது.

கத்தாரில் இருக்கும் என் கணவருக்கு இதில் அவ்வளவு சம்மதம் இல்லை. "நான் லீவுல வந்த பெறகு பாத்து வாங்குவோம்" என்றார். நான் விடவில்லை. எங்கள் வீடு குத்துக்கல்வலசையில், புதிதாக மனைகள் போட்ட பக்கம். வீட்டில் நானும் அவர் அம்மாவும், என் மாமி, மட்டும்தான். மழை பெய்தால் அங்கே ஆட்டோ வராது. மாமிக்கு மூச்சு இழுப்பு உண்டு, அவசரத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அது உண்மைதான். ஆனால் லைசென்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கார்களைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சலித்துப் போயிருந்தது என்பதும் உண்மை. கடைசியில் அவர், "சரி, நம்ம மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போயி காட்டிட்டு வாங்கு" என்றார்.

மெக்கானிக்குக்கு அன்று தோது இல்லை, மறுநாள் வருகிறேன் என்றார். வேறு ஒருவரும் வண்டியைப் பார்க்க வருவதாக விற்றவர் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. வாங்கிவிட்டேன்.

"காட்டினியா?" என்று அவர் போனில் கேட்டார்.

"காட்டினேன் மச்சான். நல்லா இருக்குன்னாரு" என்றேன். எங்கள் வீடுகளில் கணவரை அப்படித்தான் கூப்பிடுவோம். அந்தப் பொய் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் வந்தது.

கோடை முழுக்க மாமியை முன் சீட்டில் உட்கார வைத்துச் சுற்றினேன். வடகரையில் இருக்கும் அவர் தங்கச்சி வீடு, செங்கோட்டையில் ஒரு கல்யாணம், ஒன்றுமே இல்லாவிட்டால் சும்மா இலஞ்சி வரைக்கும். மாமி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, எதிரே வருகிற வண்டியில் யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வருவார். வீட்டுக்குள் அவ்வளவு பேசாதவர், காரில் ஏறினால் பேசிக்கொண்டே இருப்பார்.

சாரல் பிடித்ததும் காருக்குள் ஒரு வாடை கிளம்பியது. நனைந்த சாக்கும் பழைய எண்ணெயும் கலந்த மாதிரி. நான் இன்னொரு வாசனைப் புட்டி வாங்கி வைத்தேன். அது இரண்டையும் சேர்த்து இன்னும் மோசமாக்கியது. ஒரு நாள் மிதியடியைத் தூக்கிவிட்டுக் கையால் அமுக்கினேன். விரல்களுக்கு இடையில் தண்ணீர் கசிந்தது.

முதலிலேயே காட்டியிருக்க வேண்டிய அதே மெக்கானிக்கிடம் அப்போதுதான் கொண்டுபோனேன். சீட்டைக் கழற்றித் தரைவிரிப்பை உரித்தார்கள். அடியில் இருந்த பஞ்சு கருத்துப்போய், பூஞ்சை பூத்து, கையில் எடுத்தால் பிய்ந்து வந்தது. தகரம் துருவேறிச் சில இடங்களில் ஓட்டை வழியே கீழே மண் தெரிந்தது. சீட்டு ஓடுகிற தண்டவாளத்தில் பிய்த்த ஷாம்பு பாக்கெட்டுகள் ஒட்டியிருந்தன.

"அருவிக்குச் சவாரி அடிச்ச வண்டிக்கா இது" என்றார் அவர். "எண்ணெயத் தேச்சுக் குளிச்சிட்டு ஈரத் துணியோட ஏறி உக்காருவாங்கல்லா. வருசக்கணக்கா அந்தத் தண்ணி எறங்கி இருக்கு. எல்லாத்தையும் கழத்திக் காயப் போட்டு, புதுத் தகரம் வச்சு அடிக்கணும். இப்ப வெயில் இல்ல, நாளாவும். அண்ணன்ட்டக் கேட்டுச் சொல்லுங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நான் நின்றேன். கேட்டால், அன்றைக்குக் காட்டவில்லை என்பது வெளியே வந்துவிடும். "சீசன் முடியட்டும், பாப்போம்" என்று சொல்லி எல்லாவற்றையும் பழையபடி மாட்டச் சொன்னேன். விற்றவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. உள்ளே பழைய பேப்பரைப் பரப்பி, சூடத்தைப் பொடித்துத் தூவினேன். மாமியிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் அவரை அதே சீட்டில் ஏற்றிக்கொண்டு போனேன். பூஞ்சையைக் கண்ணால் பார்த்த பிறகும் ஏற்றினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமிக்கு இழுப்பு வந்தது. வழக்கமாக உறிஞ்சும் மருந்துக்கு அடங்கவில்லை. வெளியே நல்ல மழை. அவரைக் காரில் ஏற்றி, சாரல் உள்ளே அடிக்காமல் இருக்கக் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டுத் தென்காசிக்கு ஓட்டினேன். பாதி வழியில்தான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. மூச்சுக்குத் தவிக்கிறவரை அந்த வாடைக்குள் அடைத்துக் கொண்டுபோகிறேன். கண்ணாடியை இறக்கினேன். மழை அவர் முகத்தில் அடித்தது. மறுபடி ஏற்றினேன். எது சரி என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் மாமியின் முகத்தில் மாஸ்க்கை வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். டாக்டரம்மா என்னிடம், "வீட்டுச் சொவர்ல ஈரம், பூஞ்சை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர்" என்றேன். அவர் வீட்டைப் பற்றித்தானே கேட்டார்.

மாமி கொஞ்சம் தேறியதும், அவர் துண்டை எடுத்துவர காருக்குப் போனேன். அவர் சீட்டுக்குக் கீழே கையை விட்டபோது, நான்காக மடித்த பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று அகப்பட்டது. வீட்டில் அரிசி காயப் போடுகிறது. விரித்தால், இரண்டு பாதங்கள் பதிந்த ஈரத் தடம். இத்தனை நாளும் நான் வண்டி எடுக்கப் பின்னால் பார்க்கிற நேரத்தில் மாமி அதை விரித்துக் கால் வைத்திருக்கிறார். இறங்கும்போது மடித்து உள்ளே தள்ளியிருக்கிறார்.

அதைக் கையில் எடுத்துக்கொண்டே போய் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"தெரியுமா மாமி?"

அவர் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார். "எனக்கு மூக்கு இருக்குல்லா."

"பின்ன ஏன் சொல்லல?"

"சொன்னா அவன் வண்டிய வித்துருன்னு சொல்லுவான். பெறவு நான் எங்கன போவேன்? யாராவது வந்து கூட்டிட்டுப் போவாவளான்னு வாசலப் பாத்துக்கிட்டே வருசம் போச்சு எனக்கு." மூச்சு வாங்கிக்கொண்டு, "நீயும் எவ்வளவு ஆசையா ஓட்டுத" என்றார்.

நான் டாக்டரம்மாவைத் தேடிப் போய்க் காரைப் பற்றிச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இனிமே அதுல ஏத்தாதீங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் என் கணவர் வீடியோவில் வந்தார். அம்மாவுக்கு எதனால் இப்படி என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமி போனை வாங்கிக்கொண்டார். "மழைக்கு வந்த இழுப்புதாம்லே. வருசா வருசம் வருதுதானே."

நான் கையை நீட்டி போனைத் திரும்ப வாங்கினேன். "இல்ல மச்சான். காருக்குள்ள பூஞ்சை. மாமிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அன்னைக்கு மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போகல."

அவர் கோபப்பட்டுக் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "தெரிஞ்சேவா எங்கம்மாவ அதுல வச்சுக் கூட்டிட்டுப் போன?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஆமாம் என்று சொன்னேன்.

காரை விற்கவில்லை. அவரே மெக்கானிக்கிடம் பேசினார். இடையில் வெயில் எட்டிப் பார்த்த நாட்களில் சீட்டுகள் எங்கள் மொட்டை மாடியில் கிடந்தன. பஞ்சு முழுவதையும் மாற்றி, தரைக்குப் புதுத் தகரம் வைத்து அடித்தார்கள். வாடை போய்விட்டது. டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் மாமியை மறுபடி ஏற்றினேன்.

ஆனால் மாமி என்னிடம் சில நாள் சரியாகப் பேசவில்லை. அந்தக் காரில் ஏற்றிப் போனதற்காக என்று நினைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

"அதுக்கில்லட்டி" என்றார். "நான் ஒனக்காவ ஒண்ணு சொன்னேன். நீ அந்தாலயே என்னையும் சேத்துச் சொல்லிட்ட. பெத்த புள்ளைட்ட பொய் சொன்னவளா ஆக்கிட்டியே."

அதை நான் யோசிக்கவே இல்லை. என் மனப்பாரத்தை இறக்கி வைக்கிற அவசரத்தில் "மாமிக்கும் தெரியும்" என்று ஏன் சொன்னேன்? தேவையே இல்லாத வார்த்தை. என் கணவர் தன் அம்மாவிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். கேட்காததுதான் மாமிக்குக் கஷ்டம்.

இப்போது பழையபடி பேசுகிறார். போன வாரம் வடகரைக்குப் போனோம். வழியில் லேசாக இருமினார். நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டேன்.

"என்ன?" என்றார்.

"இருமினீங்க."

"மனுசி இருமக் கூடாதா? எடுட்டி வண்டிய, தங்கச்சி சோறு வடிச்சு வச்சிருப்பா."

எடுத்தேன். ஊர் வருகிற வரை அவர் மூச்சு விடுகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டு ஓட்டினேன்.