டில்லி பாடிய இரண்டாவது சரணம்

ஆடி வெள்ளி ஒன்றில் செம்பருத்திச் செடி வாங்கப் பல்லாவரம் சந்தைக்குப் போயிருந்தேன். ஸ்டேஷன் வாசலில் ஒரு சுவரொட்டி: திருநீர்மலைப் பக்கத்துக் கிராமத்தில் அம்மன் தேர்த் திருவிழா, ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் தெருவில் மெல்லிசைக் கச்சேரி. போய்த்தான் பார்ப்போமே என்று தோன்றியது. முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். பள்ளி ஆண்டு விழாக்களில் மேடைக்குப் பின்னால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியே காலம் போய்விட்டது. ஒரு பாட்டைக்கூட முன்னால் உட்கார்ந்து முழுதாகக் கேட்டதில்லை.

ஞாயிறு மாலை 4.40க்குத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். டிக்கெட் ஐந்து ரூபாய், பயணம் பத்து நிமிடம். பல்லாவரத்திலிருந்து கிராமத்துக்கு ஆறு கிலோமீட்டர். ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். ஆட்டோக்காரர் வழியெல்லாம் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சில வரிகள் போவார், நிறுத்துவார், மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். பரீட்சை அறை வாசலில் வாய்ப்பாடு சொல்லிப் பார்க்கும் பிள்ளைகள் இப்படித்தான் இருப்பார்கள்.

“என்ன தம்பி, பரீட்சையா?” என்றேன்.

“அத்த ஏம்மா கேக்குறீங்க! நீங்க போற கச்சேரி எங்க தெருவுலதான் நடக்குது. ஆர்கெஸ்ட்ராகாரங்க உள்ளூர் ஆளுக்கு ஒரு பாட்டு குடுப்பாங்க. போன வருசம் எனக்குக் குடுத்தாங்கோ. ரெண்டாவது சரணத்துல வரி மறந்துபூட்ச்சி. லாலாலான்னு சமாளிச்சேன். அன்னிலேர்ந்து என் பேரு லாலாலா டில்லி. என் பொண்டாட்டியே ‘லாலா, வரசொல்ல பால் வாங்கியா’ன்றா!”

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

“இந்தவாட்டி முழுசா பாடி முடிக்கணும்மா. அவ்ளோதான்,” என்றார்.

5.20க்குப் போய்ச் சேர்ந்தோம். தெரு முழுக்க வேப்பிலைத் தோரணமும் சீரியல் விளக்குகளும். ஒரு பெரியவர் என் கையில் கூழ்ச் சொம்பைக் கொடுத்து, நான் காலி செய்யும்வரை நகரவில்லை. டில்லி என்னைத் தன் மனைவி செல்வியின் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். 6.10க்கு அம்மன் பாட்டோடு கச்சேரி தொடங்கியது; பிறகு சினிமாப் பாட்டுகள். டிரம்ஸ் அதிர்ந்தபோது என் பிளாஸ்டிக் நாற்காலியும் சேர்ந்து அதிர்ந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் ஆட, அவளுடைய மாமியார் இன்னும் நன்றாக ஆடினார். நான் தப்புத் தாளத்தில் கைதட்டினேன். யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், “அடுத்ததா நம்ம டில்லி அண்ணன்!” என்றார் அறிவிப்பாளர். “லாலாலா!” என்று தெருவே கத்தியது. டில்லி பாட்டு எழுதிய தாளைப் பிரித்துக்கொண்டு பல்லவியைத் தொடங்கினார். நல்ல குரல். அதை முடிக்கும்போதே தெருமுனையில் பம்பைச் சத்தம் கேட்டது. தேர்!

அந்த ஊரில் தேர் தெருவுக்குள் நுழையும் முன் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். தேரின் உச்சி கம்பியில் படக்கூடாது. தேர் வரும் நேரம் எட்டு மணி. எப்படியும் ஒன்பதாகும் என்ற நம்பிக்கையில்தான் கச்சேரி வைத்திருந்தார்கள். இந்த வருடம் புதுத் தார்ச்சாலை போட்டிருந்தார்கள். தேர் சல்லென்று ஏழுக்கே வந்துவிட்டது.

விளக்குகள் அணைந்தன. மைக்கும் கீபோர்டும் ஓய்ந்தன. ஊருக்கு இருந்த ஒரே ஜெனரேட்டர் தேருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. மேடைப் பந்தலுக்குள் இருட்டு. படிக்க முடியாத தாளோடு டில்லி அப்படியே நின்றார்.

செல்வி நாற்காலி மேல் ஏறினாள். “இன்னாய்யா நிக்கிற? கரண்ட்டா பாடுது? நீ பாடுய்யா!”

டில்லி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மேடை விளிம்புக்கு வந்து முதல் சரணத்தை எடுத்தார். டோலக் வாசிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லத் தட்டினார். நாற்காலி நகரும் சத்தம்கூட நின்றது. தெருமுனையில் தேரை நிறுத்தி, பம்பைக்காரர்களும் அதே தாளத்துக்கு வந்தார்கள். இரண்டாவது சரணம் தொடங்கியதும் செல்வி இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். போன வருடம் மறந்த வரி வந்தது. டில்லி கண்ணை மூடினார். வரி தடையில்லாமல் வந்தது, அடுத்ததும் வந்தது, பாட்டு முடிந்தது.

பிறகு தெருவே அந்தப் பல்லவியின் மெட்டில் “லாலாலா” என்று பாட ஆரம்பித்தது. டோலக்கும் பம்பையும் சேர்ந்துகொள்ள, அந்தக் கோரஸுக்கு நடுவே தேர் உள்ளே வந்தது. டில்லி இரண்டு கைகளையும் உயர்த்தித் தானும் “லாலாலா” பாடினார். நானும் பாடினேன்.

போக விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். ஆடி ஞாயிறுகளில் இந்தப் பக்கம் எங்காவது ஒரு தெருவில் கச்சேரி இருக்கும். 5.30க்குள் போனால் நாற்காலி கிடைக்கும். பருத்தி உடை நல்லது. திரும்ப ஆட்டோவை முன்பே பேசிவையுங்கள். தேர் எப்போது வரும் என்று கேட்காதீர்கள்; கேட்டாலும் நம்பாதீர்கள்.

எட்டு மணிக்கு டில்லிதான் என்னைப் பல்லாவரத்தில் கொண்டுவந்து விட்டார். நான் இறங்கும்போது அவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் செல்வியின் குரல்.

“பாடகரே, வரசொல்ல பால் வாங்கியா.”