நாக்குக்கு அடியில் ஒரு கடிவாளம்

எட்டு வயதுவரை என் பெயரை என்னாலேயே சொல்ல முடியாது. ராஜேஸ்வரி என்று இரண்டு ‘ர’ வைத்துப் பெயர் சூட்டிய அப்பாவைத்தான் உதைக்க வேண்டும். என் நாக்குக்கு அடியில் ஒரு சவ்வு மடிப்பு நுனிவரை ஒட்டிக்கொண்டு நாக்கை மேலே எழும்பவிடாமல் பிடித்துவைத்திருந்தது. வீட்டில் செய்யாத வைத்தியமில்லை. வசம்பைச் சுட்டுத் தேய்த்தார்கள். கோயில் மணியைக் கவிழ்த்து அதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கவைத்தார்கள். நாக்கு எரிந்ததே தவிர, ‘ர’ வந்தபாடில்லை.

பாடத்தை வாய்விட்டு வாசிக்காவிட்டால் அடுத்த வகுப்புக்கு ஏற்றமாட்டேன் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். பாகூர் ஆஸ்பத்திரியில் அந்தச் சவ்வை நறுக்கிவிடுவார்கள் என்று யாரோ சொல்ல, அத்தை குதித்தாள்.

“நாக்க அறுத்தா ஊமையாப் பூடும்! பொட்டப் புள்ளைக்குப் படிப்பு இன்னாத்துக்கு?”

அப்பா வழக்கம்போல் தங்கை சொன்னதற்குத் தலையாட்டினார். அம்மாவோ யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாதவள். வாயாடாத மருமகள் என்று எங்கள் ஊர் செலியமேடு முழுக்க அவளுக்குப் பெயர். மறுநாள் காலையிலும் பேசவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏரிக்கரை வழியே நடந்தாள். எதற்கு என்றுகூடச் சொல்லவில்லை. பின்னாலேயே அத்தை, வழிநெடுக வசவு. இருவர் மேலும் எனக்கு எரிச்சலாக வந்தது.

பாகூர் ஆஸ்பத்திரி டாக்டர் பிரெஞ்சுப் படிப்புப் படித்தவர். என் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கிப் பார்த்தார். வந்த வேலையை முடித்தாரா? இல்லை, பாடம் எடுக்க ஆரம்பித்தார்.

“இதுக்கு லத்தீன்ல ஃப்ரெனுலும்னு பேரு. சின்னக் கடிவாளம்னு அர்த்தம். உதட்டுக்குள்ளயும் ஒண்ணு இருக்கு. குடல்லயும் இருக்கு, மூளையிலயும் இருக்கு. விட்டில்பூச்சி றெக்கையச் சேத்துப் பிடிக்கிற முள்ளுக்கும் இதே பேருதான்.”

எனக்கு எச்சில் மோவாய்க்கட்டையில் வழிந்தது. மனிதர் இன்னும் விட்டில்பூச்சியை விடவில்லை.

“இது பரம்பரையா வரும்” என்றவர், அம்மா பக்கம் திரும்பினார். “எங்கே, நீங்க வாயத் தொறங்கம்மா.”

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

“அவளுக்கு வெக்கம். எங்ககிட்டயே வாயத் தொறக்கமாட்டா” என்று அத்தை பெருமையாகச் சொன்னாள். டாக்டரும் விட்டுவிட்டார்.

கத்தரிக்கோல் பட்டது எறும்பு கடித்தாற்போல்தான் இருந்தது. அதற்கே ஊரைக் கூட்டினேன்.

வாரம் பத்து நாளில் ‘ர’ வந்தது. வீடெல்லாம் ராஜேஸ்வரி, ராஜேஸ்வரி என்று கத்திக்கொண்டு ஓடினேன். எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள், அத்தைகூட. அம்மா மட்டும் எப்போதும்போல் “பாப்பா” என்றாள். “ஒரே ஒரு தரம் சொல்லும்மா” என்று முந்தானையைப் பிடித்துத் தொங்கினேன். என் கையை விலக்கிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டாள். பெற்றவளுக்கு இவ்வளவு கல் நெஞ்சா என்று அழுகை வந்தது.

சற்றுக் கழித்துப் போய்ப் பார்த்தேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, வாய்க்குள் நாக்கைப் புரட்டிப் புரட்டி என்னவோ செய்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். கண்கள் கலங்கியிருந்தன.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேராக அத்தையிடம் ஓடி, என் புது நாக்கால் ஒரு எழுத்து பிசகாமல் சொன்னேன்: அம்மா யாருக்கும் தராமல் வெல்லம் தின்கிறாள் என்று.