தோற்கச் சொல்லி வேண்டியவர்கள்

திங்கட்கிழமை காலைகளில் மெல்பேர்னில் முன்பின் தெரியாதவர்கள் என்னிடம் துக்கம் விசாரிக்கிறார்கள். ஸ்பிரிங்வேல் சந்தையில் மீனுக்கு நிற்பேன். மற்ற நாட்களில் என் முகத்தை ஏறிட்டும் பார்க்காத ஒரு மனிதர் என் தலையிலுள்ள தொப்பியைப் பார்ப்பார், கிட்ட வருவார், தோளில் கை வைப்பார். “கஷ்டம்தான், மேட்” என்பார். செத்த வீட்டுக்கு வந்தவரைப் போலத் தலையை இரண்டு தரம் ஆட்டிவிட்டுப் போய்விடுவார். முதல் தரம் இது நடந்தபோது பயந்துபோனேன். எனக்குத் தெரியாமல் எனக்கு என்னவோ நடந்துவிட்டது என்று எண்ணி வீட்டுக்குப் போன் எடுத்தேன். “இஞ்ச ஒண்டும் நடக்கேல்ல. சோறு வடிச்சுக்கொண்டு நிக்கிறன், வையுங்கோ” என்றாள் மனைவி வசந்தி. பிறகுதான் விளங்கியது. அந்த மனிதர் விசாரித்தது, வார இறுதியில் என் தொப்பியில் பெயருள்ள ஃபுட்டி அணி தோற்றதை.

ஊரில் இருக்கும் உங்களுக்கு ஃபுட்டி என்ற இந்த அவுஸ்திரேலியப் பந்தாட்டத்தை எப்படி விளங்கப்படுத்துவது? முட்டை வடிவத்தில் ஒரு பந்து. காலாலும் உதைக்கலாம், கையாலும் குத்தி அனுப்பலாம். வலை இல்லை, கோல் காப்பவர் இல்லை, இரண்டு பக்கமும் நான்கு நான்கு கம்பங்கள் மட்டும். ஆளை ஆள் இடித்து விழுத்துவார்கள், அதற்குச் சனம் கை தட்டும். என் அணியின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் வருகிற ஆட்டமும் போய்விடும் என்று ஒரு பயம். நான் அப்படிப்பட்டவன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், காஸ் அடுப்பை நிற்பாட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வருகிறவன். இடம்பெயர்ந்த வருடம் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் ஒழுங்காகப் படித்தது கவலைப்படுவதை மட்டும்தான்.

இந்த அணிக்குள் என்னைக் கொண்டுவந்தவர் பிரையன். டண்டினோங்கில் சாமான் அடுக்கும் மரத்தட்டுகள் அடிக்கிற பட்டறையில் என் மேற்பார்வையாளராக இருந்தார். அப்போது என் விசா முடிவாகவில்லை. கடிதப்பெட்டியைத் திறக்காமல் இரண்டு தரம் கடந்து போவேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மூலையில் தனியே இருப்பேன். ஒருநாள் அவர் வந்து பக்கத்தில் இருந்தார். அவர் பேசியது ஆங்கிலம், எனக்கு விளங்கிய மாதிரித் தமிழில் எழுதுகிறேன். “டேவ், சனிக்கிழமை என்ன செய்யிறாய்?” தவராசா என்ற என் பெயர் அவருடைய வாயில் டேவ் ஆகி நெடுநாளாகிவிட்டது. “ஒண்டுமில்லை” என்றேன். “அப்ப வா. ஜோன்ர கதிரை சும்மா கிடக்குது.” ஜோன் அவருடைய மனைவி. அதற்கு முந்தைய வருடம் புற்றுநோயில் போய்விட்டார். மைதானத்தில் இருவருக்கும் பக்கம் பக்கமாக, வருடா வருடம் பதிந்து வைத்த கதிரைகள் இருந்தன. அந்தச் சனிக்கிழமை இறந்துபோன ஒரு பெண்ணின் கதிரையில் எப்படி இருப்பது என்று கூசிக்கொண்டு நுனியில் இருந்தேன். பிறகு பதினொரு வருடம் அதிலேயே இருந்துவிட்டேன். நான் விரதமிருக்கிற நாட்களில் பிரையன் எனக்கென்று இறைச்சி படாத கத்தியால் வெட்டிய சீஸ் சான்ட்விச் கொண்டுவருவார். அவர் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஒருநாள் அந்தக் கத்தியைக் கடதாசியில் தனியே சுற்றி வைத்திருந்ததை நானே கண்டேன். நான் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க இந்த நாட்டில் வசந்தியைத் தவிர ஓர் ஆள் இருந்தார் என்றால், அது அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் இருந்தவர்தான்.

போன வருடம் எங்கள் அணி விளையாடிய விளையாட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நிற்பார்கள். எதிராளி வந்து பிடுங்கிக்கொண்டு போவான். எங்கள் பின்வரிசையில் ஷெரில் என்று ஒரு பெண். ஆஸ்பத்திரியில் தாதி வேலை செய்கிறவர். வாரம் முழுக்க நோயாளிகளோடு பொறுமையாகப் பேசிவிட்டு, மிச்சம் இருக்கிற கோபத்தை எல்லாம் சனிக்கிழமை எங்கள் தலைக்கு மேலால் அனுப்புவார். “என்ர வோர்ட்டில இடுப்பு மாத்தின கிழவன் உன்னைவிட வேகமா ஓடுவான்!” என்று கத்துவார். இடைவேளைக்கு முன்பே சனம் எழும்பிப் போகும். ஒருவர் தன் அணிச் சால்வையைக் கழற்றிக் குப்பைவாளியில் போட்டுவிட்டு, வாசல் வரை போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனதைக் கண்டிருக்கிறேன். எல்லோரும் கூ அடிப்பார்கள். நான் மட்டும் அடிக்க மாட்டேன். இருக்க இடம் தந்தவர்களை நோக்கி எப்படிக் கூ அடிப்பது?

இங்கத்தைய ஆடி மாதக் குளிரில் ஒரு தோல்விக்குப் பிறகு பிரையன் காரை எடுக்காமல் கனநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார். “இந்தக் கதிரையளை விடப்போறன், டேவ். இன்னொரு வருஷம் இப்பிடித் தாங்கேலாது. டொக்டரும் நெஞ்சைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுறார்” என்றார். கதிரைகளை விட்டால் சனிக்கிழமை இல்லை. சனிக்கிழமை இல்லாவிட்டால், ஓய்வுபெற்ற பிரையன் என்னை எதற்குத் தேடுவார்? ஒரு வெற்றி, கடைசியில் ஒரேயொரு வெற்றி வந்தால் அவருடைய மனம் மாறும் என்று பட்டது. அதனால் நேர்த்தி வைத்தேன். சிட்னி மேய்ஸ் ஹில் முருகனுக்கு. என் விசாவுக்கும் அவரிடம்தான் நேர்ந்தனான், அவர் தந்தவர். வருடத்தின் கடைசி ஆட்டத்தில் அணி வென்றால் வந்து நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாகச் சொல்லி, ஐந்து சனிக்கிழமை விரதம் பிடித்தேன்.

“ஒன்பது மணித்தியாலம் கார் ஓடிப் போய்த் தேங்காய் உடைக்கிறதோ? அந்தப் பந்துக்கோ?” என்றாள் வசந்தி.

“பந்துக்கில்லையப்பா.”

“அப்ப ஆருக்கு?”

நான் எழும்பிப்போய்க் காஸ் அடுப்பு நின்றிருக்கிறதா என்று பார்த்தேன்.

கடைசி ஆட்டம் ஒரு ஞாயிறு மதியம். பட்டியலில் கீழே கிடந்த இரண்டு அணிகளும் மோதின. நான்கு பகுதி ஆட்டத்தில் மூன்றாம் பகுதி முடிய எங்கள் அணி இருபத்திரண்டு புள்ளிகள் முன்னால் நின்றது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆனால் சுற்றிவர ஒரு சத்தமும் இல்லை. கோல் விழ விழ எங்கள் பக்கச் சனத்தின் முகம் கறுத்துக்கொண்டு போனது. “கடவுளே, இண்டைக்குப் போய் விளையாடத் தொடங்கிட்டாங்களே” என்று ஷெரில் பின்னால் முனகினார். எல்லோருக்கும் பதற்றம் போல என்று நினைத்தேன். பிரையன் பிளாஸ்கின் மூடியில் தேநீரை ஊற்றி, குடிக்காமல் வைத்திருந்தார். அவரைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியது. நேர்த்தியைச் சொல்லிவிட்டேன். ஐந்து விரதம், நூற்றெட்டுத் தேங்காய், சிட்னி, எல்லாவற்றையும். சந்தோசப்படுவார் என்று அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மூடியைக் கீழே வைத்தார். “வெல்லவேணும் எண்டா கேட்டனீ?”

“ஓம்.”

“டேவ், அந்தக் கடவுளுக்குப் போன் எடுத்து வேண்டாமெண்டு சொல்லேலாதா?”

பகிடி என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிறகுதான் சொன்னார். இந்த விளையாட்டில் வருடக் கடைசியில் எல்லா அணிகளும் முறை வைத்துப் புதிய இளம் ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்யும். பட்டியலில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தெரிவு. அந்த வருடம் மேற்கு அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு பெடியன் வருகிறானாம், இருபது வருடத்துக்கு ஒருக்கால் பிறக்கிற ஆட்டக்காரனாம். இன்றைக்குத் தோற்றால் நாங்கள் கடைசி. கடைசி என்றால் அவன் எங்களுக்கு. “எல்லாருக்கும் தெரியுமே” என்றார். பதினொரு வருடம் பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நவம்பரிலும் அவர்கள் அதைப் பற்றிக் கதைத்திருப்பார்கள். நான் விளங்காத ஆங்கிலத்துக்கெல்லாம் தலையாட்டுகிற பழக்கத்தில் தலையாட்டியிருப்பேன்.

நான்காம் பகுதியில் எங்கள் திறமான இரண்டு ஆட்களைப் பயிற்சியாளர் வெளியே எடுத்து ஓரத்து வாங்குப் பலகையில் இருத்தினார். காலில் பிடிப்பு என்று பிறகு சொன்னார்கள். இருவரும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்ததை நான் பார்த்தேன். இருபத்திரண்டு பதினைந்தாகி, பதினைந்து நான்காகி, கடைசியில் மூன்று புள்ளிகளால் தோற்றோம். சைரன் ஊதியதும் பிரையன் கை தட்டினார். ஷெரில் என் முதுகில் செல்லமாகக் குத்தி, “நல்ல தோல்வி, டேவ்!” என்றார். மைதானத்தின் நடுவில் முப்பத்தொன்றாம் இலக்க ஆட்டக்காரன் மட்டும் புல்லில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தான். அன்று முழுக்க நாயாக ஓடியவன் அவன். அவனுக்கும் ஒருவரும் சொல்லவில்லை போலிருந்தது.

தோல்வியில் லாபம் பார்ப்பதற்கு, தோற்ற பிறகும் போவதற்கு ஒரு வீடு இருக்க வேண்டும். போரில் இடம்பெயர்ந்து நாங்கள் முகாமில் இருந்தபோது தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி ஒரு நாளைக்கு ஒருதரம் வரும். வரிசையில் கடைசியாக நின்றவனுக்கு அடிமண்டி. கடைசியாக நின்றாய், பாவம், நீ முதலில் பிடி என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. போரில் வெல்லுவோம் என்று கடைசி நாள் வரை சொன்னவர்கள் இருந்தார்கள். அதையும் நம்பினேன். அதைவிட இது எனக்கு அதிகமாக நொந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த இழப்புக்கு முன்னால் இது என்ன, ஒரு விளையாட்டு. ஆனால் அங்கே என்னோடு நின்றவர்கள் எல்லோரும் வெல்ல வேண்டும் என்றுதான் அழுதார்கள். இங்கே, நான் பட்டினி கிடந்து கேட்டதற்கு எதிராக, என் பக்கத்துக் கதிரையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

“காஸ் அடுப்பை நிப்பாட்டினனோ தெரியாது, ரயிலில கெதியாப் போறன்” என்று பிரையனிடம் பொய் சொல்லிவிட்டு, அவருடைய காரில் ஏறாமல் ரயிலில் வந்தேன். எங்களை வென்ற அணியின் ரசிகர்கள் பெட்டி நிறையப் பாடிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவர் என் சால்வையைப் பார்த்துவிட்டு, “கொடுத்துவைத்தவர்கள் ஐயா நீங்கள்” என்று உண்மையாகவே பொறாமைப்பட்டார்.

வீட்டில் வசந்தி முழுக்கதையையும் கேட்டாள். “அந்தாள் தோக்கச் சொல்லிக் கேட்டவர். நீங்கள் வெல்லச் சொல்லிக் கேட்டனீங்கள். முருகன் வயசுக்கு மூத்த ஆளின்ர பேச்சைக் கேட்டிட்டார். இதில என்ன துரோகம்?”

“சொல்லியிருக்கலாம்தானே, வசந்தி.”

“நீங்கள் நேந்ததை அவருக்கு முதல் சொன்னீங்களே?”

அவள் கேட்டது சரிதான். ஆனாலும் மனம் ஆறவில்லை. நவம்பரில் அந்தப் பெடியனின் படத்தைப் பிரையன் அனுப்பினார். எங்கள் சால்வையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி நின்றான். நான் பதில் போடவில்லை. டிசெம்பரில் வந்த நத்தார் வாழ்த்துக்கும் ஒரு வரிதான் போட்டேன். மாசியில் அவரே போன் எடுத்தார். குரல் இளைத்திருந்தது. டொக்டர்மார் நெஞ்சுக்குள் ஏதோ கருவி வைத்திருக்கிறார்களாம். “டேவ், கதிரையளை நான் விடேல்ல. அந்தப் பெடியனைப் பாக்கவேணும். சாகிறதுக்கு முதல் ஒருக்காலாவது எங்கட ஆக்கள் கிண்ணத்தைத் தூக்கிறதைக் காணவேணும் எண்டுதான் அண்டைக்கு அப்பிடி நினைச்சனான். ஒன்பதாவதாய், பத்தாவதாய் வந்துகொண்டிருக்க எனக்கு வருஷம் இல்லை” என்றார். மேலும் சொன்னார்: “நீ வராட்டி ஜோன்ர கதிரையில வேற ஆளை இருத்தமாட்டன். சும்மா கிடக்கட்டும்.” கதிரையைக் காப்பாற்றத்தான் நான் வெற்றியைக் கேட்டேன். தோல்விதான் அதைக் காப்பாற்றித் தந்திருக்கிறது. நன்றி சொல்வதா கோபிப்பதா என்று தெரியாமல், “வாறன்” என்று சொல்லிவிட்டேன்.

புதிய வருடத்தின் முதல் ஆட்டம். பிரையன் ஊன்றுகோலோடு வந்திருந்தார். என்னைக் கண்டதும் கடதாசியில் சுற்றிய சான்ட்விச்சை மடியில் வைத்தார். அன்று எனக்கு விரதம் இல்லை. இருந்தாலும் சாப்பிட்டேன். வாங்கிலும் களத்திலும் முப்பத்தொன்றாம் இலக்கக்காரனைத் தேடினேன். அவனைக் காணவில்லை. அணியிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள் என்றார் ஷெரில். இரண்டாம் பகுதியில் மேற்கிலிருந்து வந்த அந்தப் பெடியன் மூன்று பேரைச் சுழித்துக்கொண்டு வந்து, ஓரத்திலிருந்து, சரிந்தபடி, ஒரு கோல் உதைத்தான். அப்படி ஒரு உதையை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. மைதானம் முழுக்க எழும்பியது. பிரையன் எழும்ப ஏலாமல் என் தோளைப் பிடித்து ஊன்றினார். அவரைத் தூக்கிவிட நானும் எழும்பத்தான் வேண்டும். எழும்பத் தொடங்கினேன். பாதியில் நின்றுவிட்டேன். கை தட்டுவதற்கு விரிந்த கைகள் விரிந்தபடியே நின்றன. தோளில் அவருடைய பாரம், கண்ணுக்குள் புல்லில் முகம் புதைத்துக் கிடந்தவன்.

“டேவ் கண்ணு, எனக்கு மறைக்குது!” என்று ஷெரில் பின்னாலிருந்து சிரித்தபடி கத்தினார். “ஒண்டில் எழும்பு, இல்லாட்டி இரு!”

சனம் கத்தி முடிக்கும் வரை நான் அப்படியேதான் நின்றேன். எழும்பவும் இல்லை, இருக்கவும் இல்லை.