எங்கள் வைஃபையில் நான்காவது ஆள்

மூன்று வருடங்களுக்கு முன், கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று வீசிக்கொண்டிருந்த மாதங்களில் நடந்தது இது. நாங்கள் சாய்ந்தமருதில் இருக்கிறோம். நான் நிந்தவூரில் ஒரு பாடசாலையில் ஆசிரியை. என் கணவர் கல்முனையில், வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பிகளைத் திருத்தும் சிறிய கடை வைத்திருக்கிறார். பிள்ளைகள் இரண்டு பேர், இருவரும் சின்ன வகுப்புகள்.

எங்கள் பாடசாலையில் என்னைவிடப் பத்து வயது குறைந்த ஒரு ஆசிரியை இருந்தாள். என்னை ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். எனக்குத் தங்கச்சி போல என்பதால் அவள் என்றே எழுதுகிறேன். அவளுக்கு நிக்காஹ் பேசி முடிந்த சில வாரங்களில் முகநூலில் அவளுடைய படத்தை வைத்து ஒரு போலிக் கணக்கு கிளம்பியது. அதில் எழுதியிருந்தவற்றை இங்கே எழுத முடியாது. மாப்பிள்ளை வீட்டாருக்கும், எங்கள் மாணவர்களின் பெற்றோருக்கும்கூட அந்தக் கணக்கில் இருந்து செய்திகள் போயின. அவள் பொலிசில் முறைப்பாடு கொடுத்தாள். அன்று அவளோடு துணைக்குப் போனது நான்தான். வரும்போது ஓட்டோவில் என் தோளில் சாய்ந்து அழுதாள். இதைச் செய்தவன் எவனாக இருந்தாலும் அவன் கை விளங்காமல் போகட்டும் என்று நானும் சேர்ந்து ஏசினேன்.

சில மாதங்கள் போயின. ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பாடவேளையில் பொலிஸ் நிலையத்தில் இருந்து எனக்கு அழைப்பு வந்தது. அவளுடைய முறைப்பாட்டைப் பற்றித்தான் ஏதோ கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, பாடசாலை விட்டதும் போனேன்.

அங்கிருந்த அதிகாரி என்னை உட்காரச் சொல்லிவிட்டு ஒரு கோவையைத் திறந்தார்.

"டீச்சர், அந்தப் போலிக் கணக்கு வேலை செய்யிறது உங்கட வீட்டு இன்டர்நெட்ல இருந்து. கனெக்சன் உங்கட பேர்லதான் இரிக்கி. வீட்டில ஆர் ஆர் இரிக்கீங்க?"

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியதும், "நான், அவர், ரெண்டு பிள்ளைகள்" என்று சொன்னேன். அவர் ஒரு தாளைப் பார்த்து நேரங்களை வாசித்தார். எல்லாம் கிழமை நாட்கள். எல்லாம் பகல் இரண்டு மணிக்கும் மூன்றுக்கும் இடையில்.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யார் இருப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். நான் வகுப்பு முடிந்து பஸ் எடுத்து வருவதற்குள் மூன்றாகிவிடும், திங்களும் புதனும் புலமைப்பரிசில் வகுப்பு இருப்பதால் நாலு மணி தாண்டும். பிள்ளைகள் குர்ஆன் ஓதப் போயிருப்பார்கள். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, மாலை அஸர் தொழுகை வரை படுத்து எழும்புகிறவர் என் கணவர் மட்டும்தான்.

"அடுத்த கிழமை வியாழக்கிழமை வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வாங்க. ரெண்டு பேர்ர போனையும் எடுத்துக்கிட்டு வாங்க" என்றார் அதிகாரி.

அன்று வீட்டுக்குப் போன நான் கணவரிடம் ஒன்றுமே சொல்லவில்லை. பயந்தேனா, கோபமா, இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. சோறு போட்டுக் கொடுத்தேன். அவர் பம்பி திருத்த வந்த ஒரு விவசாயியைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார். நான் அவருடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிறீஸ் கறை போகாத அந்த விரல்கள்தான் அவற்றையெல்லாம் எழுதினவா?

பன்னிரண்டு வருடம் ஒன்றாக வாழ்ந்த மனிதரை ஒரு தாளில் இருந்த சில நேரங்கள் எனக்கு அந்நியராக்கிவிட்டன. அவர் போனைக் கையில் எடுத்தால் எனக்கு நெஞ்சு அடித்தது. கீழே வைத்தாலும் அடித்தது. காற்றுக்குக் கதவு சாத்திக்கொண்டால் திடுக்கிட்டேன். வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நடுவில் மறந்து நின்றேன்.

சனிக்கிழமை அந்தியில் அவர் மஃரிப் தொழப் போனபோது போனை மேசையில் விட்டுவிட்டுப் போனார். பூட்டைத் திறக்கும் இலக்கம் எனக்குத் தெரியும், அவரே எப்போதோ சொன்னதுதான். பள்ளிவாசலில் தொழுகை தொடங்க இகாமத் சொல்லும் சத்தம் கேட்கிறது, நான் தொழாமல் நின்று என் கணவரின் போனைக் கிண்டுகிறேன். பம்பி உதிரிப்பாகங்களின் படங்கள். மாவடிப்பள்ளியில் இருந்தும் அக்கரைப்பற்றில் இருந்தும் வந்த குரல் பதிவுகள். ஒன்றில் ஒரு பெண் குரல். அதைத் திறந்தேன். தன் வாப்பாவின் பம்பி தண்ணீர் இழுக்கவில்லை, எப்போது கொண்டுவரலாம் என்று அந்தப் பெண் கேட்டிருந்தார், அவ்வளவுதான். முகநூலில் அவருடைய சொந்தக் கணக்கைத் தவிர ஒன்றும் இல்லை.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழித்துவிட்டார் போலிருக்கிறது என்றுதான் என் மனம் சொன்னது. சந்தேகம் பிடித்த மனத்துக்கு ஆதாரம் கிடைத்தாலும் ஆதாரம், கிடைக்காவிட்டாலும் ஆதாரம்.

அதைவிட மோசமானது ஆசிரியர் அறை. அவள் என் பக்கத்தில்தான் உட்காருவாள். திங்கட்கிழமை இடைவேளையில் தன் சாப்பாட்டுப் பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"ராத்தா, பொலிஸ்ல ஏதோ கண்டுபுடிச்சிட்டாங்களாம். ஆள் ஆரெண்டு மட்டும் சொல்றாங்க இல்ல. மாப்பிள்ள வீட்டில இன்னம் ஒரு மாசம் பாப்பம் என்டு சொல்லிட்டாங்க. நீங்க துஆ செய்ங்க."

"ஓம், செய்றன்" என்றேன். அவள் பெட்டியில் இருந்த மீன் பொரியலை எடுத்துத் தின்றேன்.

புதன்கிழமை என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த நாள் பொலிசுக்குப் போக வேண்டும். அதிபரிடம் தலையிடி என்று சொல்லிவிட்டுப் புலமைப்பரிசில் வகுப்பை இன்னொரு ஆசிரியையிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். கணவரைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். பஸ் காரைதீவில் நின்று நின்று ஆள் ஏற்றியபோது இறங்கி ஓடலாம் போல இருந்தது.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிச் சத்தமில்லாமல் உள்ளே போனேன். மணி இரண்டரை. என் கணவர் ஹோலில் பாயில் மல்லாந்து, வாய் திறந்து நித்திரை. அவருடைய போன் அறைக்குள், கட்டிலில் கிடந்தது. தொலைக்காட்சி நிறுத்தியிருந்தது. பிள்ளைகளின் டெப் அலுமாரிக்குள்.

அப்போதுதான் அலுமாரிக்கு மேல் இருந்த ரவுட்டரைப் பார்த்தேன். அதன் பச்சை விளக்கு விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. நான் கணினி படித்தவள் இல்லை. ஆனால் பிள்ளைகள் டெப்பில் படம் பார்க்கும்போது அது அப்படித் துடிப்பதைக் கண்டிருக்கிறேன். இப்போது வீட்டில் யாரும் எதையும் பார்க்கவில்லை. அப்படியானால் அது யாருக்காக வேலை செய்கிறது?

குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் உதவி இலக்கத்துக்கு எடுத்தேன். ஒரு பெண் பேசினார். மலையகத்துத் தமிழ். நான் அழுகிறேனா கதைக்கிறேனா என்றே அவருக்குத் தெரிந்திருக்காது.

"பதறாதீங்க மேடம். ரவுட்டரைக் கையில எடுத்துத் திருப்பிப் பாருங்க, அடியில ஒரு ஸ்டிக்கர் இருக்கும்" என்றார்.

சத்தமில்லாமல் வெளியே போய் அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். அதில் இருந்த எழுத்துகளை எப்படி என் போனில் அடிப்பது, எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். நான் இரண்டு முறை பிழைவிட்டேன், இரண்டு முறையும் முதலில் இருந்து தொடங்கினார். கடைசியில் ஒரு பட்டியல் வந்தது. இந்த நிமிடம் எங்கள் வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல்.

என் போன், அவருடைய போன், டெப். மூன்று இருக்க வேண்டும். நான்கு இருந்தன.

நான்காவது போனின் பெயராக, எங்கள் பின்வீட்டுக்காரரை ஊரே கூப்பிடும் பட்டப்பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது. எங்கள் பின்மதிலை ஒட்டினாற்போல் அவர்களுடைய கிணற்றடி. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவருடைய தலை தெரிந்தது. நிழலில் கதிரை போட்டு, குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"உடனே கட் பண்ணிடவா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம், முதல்ல இந்தத் திரையைப் படம் எடுத்து வச்சுக்கங்க, நேரம் தெரியிற மாதிரி. பொலிசுக்குத் தேவைப்படும். அதுக்கப்புறம் பாஸ்வேர்டை மாத்துவோம். இதை எப்ப கடைசியா மாத்தினீங்க?"

ஒருநாளும் மாற்றவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. முந்திய வருடம் என் கணவரின் தங்கையின் கலியாணம் எங்கள் வீட்டில்தான் நடந்தது. வந்தவர்கள் எல்லாம் வைஃபை கேட்டுக் கேட்டு என்னைக் களைக்கப்பண்ணியதால், பாஸ்வேர்டை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ஹோல் சுவரில் நானே ஒட்டினேன். வகுப்பறையில் ஒட்டுவது போல அழகாக, பூ வேறு வரைந்து. மணப்பெண்ணை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்காதவர் இல்லை. பின்வீட்டுக்காரர் அன்று விருந்தில் சோற்றுச் சஹன் வைக்க ஓடி ஓடி உதவி செய்தவர். கலியாணம் முடிந்து தாளைக் கிழித்தேன். பாஸ்வேர்டை அப்படியே விட்டுவிட்டேன்.

அந்தப் பெண் பாஸ்வேர்டை மாற்றவைத்தார். ரவுட்டருக்குள் போகும் பாஸ்வேர்டையும் வேறாக மாற்றவைத்தார். விருந்தாளிகளுக்கென்று தனியாக ஒரு இணைப்பைத் திறந்து மூடலாம் என்றும் காட்டித் தந்தார். முக்கால் மணி நேரம் என்னோடு இருந்தார். அவருடைய பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

குசினிக் கதவைத் திறந்தால் கணவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறார்.

"என்ன புள்ள, நேரத்தோட வந்துட்டாய்? சுகமில்லயா?"

அந்த இடத்திலேயே, நிலத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொலிஸ் கூப்பிட்டது, அவரை நினைத்தது, அவருடைய போனைக் கிண்டியது, இன்று அவரைப் பிடிக்க வந்தது. அவரும் என் முன்னால் உட்கார்ந்து கேட்டார். கடைசியில் சொன்னார்.

"போனப் பார்த்தது தெரியும். தொழுதுட்டு வந்து எடுக்கக்குள்ள சூடாக் கிடந்த."

"அப்ப ஏன் கேக்கல்ல?"

"நீயாக் கேப்பாய் என்டு பாத்துக்கிட்டு இருந்தன்" என்றார்.

அடுத்த நாள் இருவருமாகப் பொலிசுக்குப் போனோம். படத்தைக் காட்டினேன். "இவர்தான் செய்தார் என்டு நான் சொல்லல்ல. எங்கட வைஃபையில இவர்ர போன் இரிக்கி, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றேன். ஒரு தடயத்தை வைத்து ஆளைத் தீர்மானிப்பதற்கு அப்போது எனக்குப் பயம் வந்துவிட்டிருந்தது. ஆனால் இந்த முறை அது சரியாகவே இருந்தது. அவருடைய போனிலேயே அந்தக் கணக்கு இருந்தது. அவருடைய தம்பிக்கு அவளைப் பெண் கேட்டு, அவள் வீட்டார் மறுத்ததுதான் காரணமாம். தன் சிம்மில் போட்டால் தன் பெயர் வரும் என்று தெரிந்துதான் எங்கள் இணைப்பில் ஏறியிருக்கிறார். வழக்கு நடந்தது. பின்வீட்டில் அவருடைய உம்மா இன்றும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவரை நான் பிழை சொல்ல மாட்டேன்.

அவளிடம் நானே போய்ச் சொன்னேன். எட்டு நாட்கள் தெரிந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன்.

"உங்கட வீட்டில இருந்துதான் என்டு தெரிஞ்சிருந்தாலும் நான் உங்களச் சந்தேகப்பட்டிருக்க மாட்டன்" என்றாள்.

அவள் ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நிக்காஹ் தள்ளிப்போய், பிறகு அதே மாப்பிள்ளையோடு நடந்தது. எனக்கு அழைப்பு வந்தது, போனேன், முன்வரிசையில் இருத்தினாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் வாயில் ராத்தா என்ற சொல் வரவில்லை. டீச்சர் என்கிறாள். மரியாதையாகத்தான்.

என் கணவர் அந்தக் கிழமையே தன் போனின் பூட்டை எடுத்துவிட்டார். யார் எடுத்தாலும் திறக்கும்படி மேசையில் கிடக்கும். கோபத்தில் செய்யவில்லை, என் மனம் ஆறட்டும் என்றுதான் செய்தார். ஆனால் அதைக் காணும்போதெல்லாம் எனக்குத் தண்டனை போல இருந்தது. ஒரு மாதம் பொறுத்துவிட்டு, பூட்டைப் போடுங்கள் என்று நானே கெஞ்சினேன். அவர் சிரித்துக்கொண்டு இலக்கத்தை அழுத்தினார். நான் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன்.

இப்போது வீட்டுக்கு யார் வந்து வைஃபை கேட்டாலும் விருந்தாளி இணைப்பைத்தான் கொடுக்கிறேன், அவர்கள் போனதும் மூடிவிடுகிறேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. வெட்கமெல்லாம் இதில்தான்: அந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் முக்கால் மணி நேரம் கேட்டதில் ஒரு கேள்வியை, ஒரே ஒரு கேள்வியை, என் வீட்டு மனிதரிடம் முதல் நாளே கேட்கத் துணியாமல் எட்டு நாட்கள் அவரைக் குற்றவாளியாக வைத்துச் சோறு போட்டேன்.